8 ஓம் பெட்டியில் 4 ஓம் வூஃபர்: ரெசிஸ்டர் போட்டால் சரியாகிவிடுமா?

கரகர:
வணக்கம். 1970களின் கடைசியில் வந்த ஸ்பீக்கர் ஜோடி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் தாழ்ந்த ஒலிக்கு ஒரு வூஃபர், உயர்ந்த ஒலிக்கு ஒரு ட்வீட்டர். பின்பக்கம் 8 ஓம் (மின்தடை அளவு) என்று அச்சாகியிருக்கிறது. இடது வூஃபரைச் சுற்றியுள்ள ஃபோம் தொட்டாலே உதிர்கிறது. அதே 8 அங்குலத்தில் வேறொரு வூஃபர் கிடந்தது. திருகு ஓட்டைகூடப் பொருந்தியதால் மாட்டிவிட்டேன். அப்புறம்தான் காந்தத்தின் மேல் 4 ஓம் என்று இருப்பதைப் பார்த்தேன். இப்போது இடப்பக்கம் சத்தம் அதிகம், ஆனால் பாடுகிறவர் குரல் உள்ளே போய் ஒளிந்துகொண்டது போல இருக்கிறது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. வலது ட்வீட்டரில் சத்தமே இல்லை. அதற்கு மாற்றாக 16 ஓம் ட்வீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன்.

வூஃபரோடு 4 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்தால் மொத்தம் 8 ஆகிவிடும் அல்லவா?

ஈயப்பொட்டு:
ஆகும். 10 வாட் ரெசிஸ்டராகப் போடுங்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன், ஆம்ப் சூடு குறைந்துவிட்டது.

பழைய சுருள்:
ஆம்ப் பிழைக்கும், பாட்டு பிழைக்காது.

ஸ்பீக்கரின் ஓம் ஒரே எண்ணாக நிற்பதில்லை. 4 ஓம் வூஃபர் கூட அதன் ஒத்ததிர்வுப் பகுதியில், அதாவது கோன் (முன்னால் அசையும் கூம்பு) இயல்பாகவே அதிகம் அதிரும் தாழ்ந்த ஒலியில், 20, 30 ஓம் வரை ஏறும். அங்கே உங்கள் ரெசிஸ்டர் இருப்பதே தெரியாது. அதற்கு மேலே, 4 ஓமுக்கு இறங்கும் இடத்தில், பாதி சக்தியை அதுவே சூடாக்கித் தின்றுவிடும். ஆக பேஸில் ஒரு மேடு எழும்பும். கோனை ஆம்ப் இழுத்துப் பிடிக்கும் பிடியும் தளர்ந்து, தபேலா கொழகொழவென்று கேட்கும்.

குரல் ஒளிந்ததற்குக் காரணம் கிராஸ்ஓவர், அதாவது தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்று. உதாரணத்துக்கு, வூஃபருக்கு முன்னால் 0.33 மில்லிஹென்றி காயில் இருக்கிறது என்று வையுங்கள். 8 ஓம் என்றால் அது சுமார் 3,900 ஹெர்ட்ஸில் வெட்டும், 4 ஓம் என்றால் 1,900லேயே வெட்டிவிடும். ட்வீட்டர் பக்கம் 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தால் அது 4,200 பக்கம்தான் பாட ஆரம்பிக்கும். நடுவில் பெரிய பள்ளம், சொற்கள் தெளிவாகக் கேட்கவேண்டிய இடமே அதுதான். (தோராயக் கணக்கு, கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலின் இண்டக்டன்ஸை நான் சேர்க்கவில்லை.)

16 ஓம் ட்வீட்டரில் இது தலைகீழ். அதே கெப்பாசிட்டர் 2,100லிருந்தே அனுப்பத் தொடங்கும். ட்வீட்டரின் மெல்லிய வாய்ஸ் காயில் அதைத் தாங்காது, சத்தம் ஏற்றினால் எரியும். போட்டே ஆகவேண்டும் என்றால் ட்வீட்டருக்கு இணையாக 16 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள், கெப்பாசிட்டரின் கண்ணுக்கு 8 ஓம் தெரியும். வூஃபருக்கு ஆகாத வைத்தியம் ட்வீட்டருக்கு ஆகும்.

அதற்கு முன், அந்த ட்வீட்டர் நிஜமாகவே செத்ததா? ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் சொச்சம் காட்டும், அது குறை அல்ல. ஒன்றுமே காட்டாவிட்டால், முனையிலிருந்து காயிலுக்குப் போகும் நூல் போன்ற கம்பியைப் பாருங்கள். 6 காட்டினால் கெப்பாசிட்டர் மேல்தான் சந்தேகம்.

ரேடியோ தாத்தா:
ஓம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1950களின் பிற்பகுதியில் பிலிப்ஸ் சில வால்வ் ரேடியோக்களை, வால்வையும் ஸ்பீக்கரையும் பொருத்தும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் செய்தது. அதற்கென்று 800 ஓம் ஸ்பீக்கர்! அதைக் கழற்றி 8 ஓம் மாட்டினால் ரேடியோ முனகக்கூட முனகாது. எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் மாட்டாதீர்கள், தம்பி.

கரகர, உங்கள் பழைய வூஃபரைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? ஃபோம்தான் போயிருக்கிறது, வூஃபர் போகவில்லை. கோனின் இரு பக்கமும் விரல்களை வைத்து நேராக மெல்ல அழுத்துங்கள். உரசல் சத்தம் வராவிட்டால் புது ஃபோம் ஒட்டினால் போதும். பழைய பிசினை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஊறவைத்துச் சுரண்டுங்கள். அவசரப்பட்டால் கோன் கிழியும். முதலில் ஃபோமைக் கோனில் ஒட்டிக் காயவிடுங்கள், பிறகுதான் சட்டத்தில். சட்டத்தில் ஒட்டும்போது காயில் நடுவில் நிற்கவேண்டும். டஸ்ட் கேப்பை (கோனின் நடுவில் உள்ள சின்ன மூடி) வெட்டி எடுத்து உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் சுற்றிலும் செருகுவது ஒரு வழி. டஸ்ட் கேப்பைத் தொட மனம் வராவிட்டால், 30 ஹெர்ட்ஸ் ஒலியைச் சின்னதாக ஓடவிட்டு, உரசாத இடம் பார்த்து ஒட்டலாம். வலது வூஃபருக்கும் அதே வயதுதான், இரண்டையும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

கரகர:
வூஃபர் பரண்மேல்தான் இருந்தது, நல்லவேளை. இரண்டுக்கும் ஃபோம் மாற்றிவிட்டேன். முதலாவது லேசாக உரசியது. பிசின் காய்வதற்குள் பிரித்து மறுபடி ஒட்டினேன். ட்வீட்டர் சாகவில்லை: நூல் கம்பி முனையருகே விட்டுப்போயிருந்தது, ஒரு பொட்டு ஈயம் வைத்ததும் பேசியது. ஆனால் இப்போது புதுச் சிக்கல். ஒவ்வொரு பெட்டியும் தனியாக நன்றாக இருக்கிறது, சேர்த்து ஓட்டினால் பேஸ் காணாமல் போகிறது.

பழைய சுருள்:
ஒரு வூஃபரின் கம்பி மாறியிருக்கிறது. ஒன்று முன்னே வரும்போது மற்றது பின்னே போனால் காற்றில் இரண்டும் கழிந்துவிடும். 1.5 வோல்ட் பேட்டரியை வூஃபர் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். இரண்டு கோனும் ஒரே பக்கம் நகர வேண்டும். பிளஸ் முனையைக் காட்டும் சிவப்புப் புள்ளியை மட்டும் நம்பாதீர்கள், பழைய ஜேபிஎல் வூஃபர்களில் அது தலைகீழாக இருக்கும்.

கரகர:
இடது வூஃபரில்தான் மாற்றி மாட்டியிருந்தேன். பேஸ் வந்துவிட்டது, ஆம்ப்பும் வெதுவெதுப்போடு நிற்கிறது. ரெசிஸ்டரைப் பெட்டிக்குள் வைக்கவே இல்லை, ஈயப்பொட்டு கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஈயப்பொட்டு:
கோபம் இல்லை. என் பெட்டியைத்தான் இப்போது கழற்றிக்கொண்டிருக்கிறேன்.