புதுப்பிப்பு: அம்மாவின் கைப்பை, சென்னை–சிங்கப்பூர்–சிட்னி

தனியாக வரும் அம்மாவின் கைப்பையில் எதை எங்கே வைப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, நல்லபடியாக வந்துவிட்டார்.

பெரிதும் கைகொடுத்தது, ‘பாதுகாப்புச் சோதனையில் ட்ரேயில் போடுவதெல்லாம் ஒரே பைக்குள்’ என்ற யோசனைதான். போன், சார்ஜர், 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் (74 வாட்-ஹவர்தான், வரம்பு 100) எல்லாம் பழைய மஞ்சப்பையில். சென்னையில் அதை எடுத்து வைத்தார், முடிந்தது. இன்சுலினுக்கு மருந்துச்சீட்டு போதுமாக இருந்தது. தலைக்கு வைக்கும் எண்ணெய் பெட்டிக்குப் போனது: பாதி காலியானாலும் 200 மில்லி பாட்டில் கைப்பையில் ஆகாது, பாட்டில் அளவுதான் கணக்கு.

எதிர்பாராதது சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில். 1, 2, 3-ஆம் முனையங்களில் சோதனை விமானம் ஏறும் கேட்டிலேயே நடக்கிறது. உள்ளே வாங்கிய தண்ணீரும் தாண்டாது. குடித்துவிட்டுக் காலி பாட்டிலோடு போகச் சொல்லுங்கள்.