ஒரு சுவிட்சைப் போட மறந்தால் விமானத்துக்குள் மூச்சு முட்டுமா?

முகில்:
2018 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் பயணிகளுக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்து, ஆக்ஸிஜன் மாஸ்க் எல்லாம் கீழே விழுந்து, விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். விமானிகள் ஏதோ சுவிட்சைப் போட மறந்ததாகச் செய்தியில் சொன்னார்கள். அத்தனை பெரிய இயந்திரம் தானாகச் சரிசெய்துகொள்ளாதா? அடுத்த மாதம் அம்மாவை முதல் தடவையாக விமானத்தில் கூட்டிப் போகிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

செல்வம்:
தம்பி, போயிங் 737-இல் இன்ஜினிலிருந்து எடுக்கும் அழுத்தக் காற்றைத்தான் குளிரவைத்து கேபினுக்குள் விடுகிறார்கள். ப்ளீட் ஏர் என்பார்கள். நீங்கள் சொல்கிற சம்பவத்தில் போடாமல் விட்டது அந்த ப்ளீட் சுவிட்சுகளைத்தான். டேக் ஆஃபில் இன்ஜினின் முழு வலுவும் வேண்டும் என்று அதை ஆஃப் செய்து கிளம்பும் முறையும் உண்டு, ஆனால் மேலே ஏறியதும் மறக்காமல் போட்டாக வேண்டும். உள்ளே வரும் காற்று வால் பக்கம் இருக்கும் அவுட்ஃப்ளோ வால்வு வழியாக வெளியேறுகிறது. அதைத் திறந்து மூடித்தான் அழுத்தத்தைச் சரியாக வைக்கிறார்கள். அதற்கான தேர்வு சுவிட்ச் ஆட்டோவில் இருந்தால் வால்வை விமானமே பார்த்துக்கொள்ளும், மேனுவலில் வைத்துவிட்டால் விமானிதான் பார்க்க வேண்டும்.

கயல்:
அந்த ஆட்டோ, மேனுவல் விஷயத்தில்தான் 2005 ஆகஸ்ட் 14 அன்று ஹீலியோஸ் 522 விமானத்தில் இருந்த 121 பேரும் இறந்தார்கள். சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குப் போன 737-300. பின்பக்கக் கதவில் காற்று கசிகிறதா என்று சோதிக்க, பொறியாளர் அந்தத் தேர்வு சுவிட்சை மேனுவலில் வைத்திருந்தார், சோதனை முடிந்தும் அது அப்படியே இருந்தது. கிளம்பும் முன்பும் கிளம்பிய பிறகும் செக்லிஸ்ட் ஓட்டிய விமானிகள் கண்ணில் அது படவே இல்லை. மேனுவலில் இருப்பதைக் காட்டும் விளக்கின் நிறம் பச்சை! பச்சையைப் பார்த்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

சுமார் 12,000 அடியில், கேபினில் அழுத்தம் குறைந்துவிட்டது என்று எச்சரிக்கும் ஹாரன் அடித்தது. தரையில் இருக்கும்போது டேக் ஆஃபுக்கு விமானத்தைத் தயார்செய்ததில் தவறு இருந்தாலும் அதே ஹாரன்தான், அதே சத்தம்தான். விமானிகள் அதை டேக் ஆஃப் எச்சரிக்கை என்றே நினைத்து, மாஸ்க் போடாமல் ஏறிக்கொண்டே போனார்கள். தரையோடு நடந்த பேச்சும் கருவிகளைக் குளிர்விக்கும் விசிறி பக்கம் போய்விட்டது. தரையிலிருந்த பொறியாளர் அழுத்தப் பேனல் ஆட்டோவில் இருக்கிறதா என்று ரேடியோவில் கேட்டார், கேப்டனோ அந்தக் குளிர்விப்புக்கான சர்க்யூட் பிரேக்கர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இதை வெறும் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட எனக்கு மனசு வரவில்லை.

முகில்:
மூச்சு முட்டியிருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்காதா அக்கா?

கயல்:
தெரியாது, அதுதான் கொடுமை. கரியமில வாயு தேங்கினால்தான் மூச்சு முட்டுகிற உணர்வு வரும், ஆக்ஸிஜன் மட்டும் குறைந்தால் அப்படி இருக்காது, சிலருக்கு உற்சாகமாகக்கூட இருக்கும். தப்பைக் கண்டுபிடிக்க வேண்டிய மூளைதான் முதலில் மங்குகிறது. அப்புறம் ஆட்டோபைலட் அந்த விமானத்தை 34,000 அடிக்குக் கொண்டுபோய், ஏதென்ஸ் பக்கம் வட்டமடித்துக்கொண்டே இருந்தது. கிரேக்க எஃப்-16 போர் விமானிகள் பக்கத்தில் போய்ப் பார்த்தபோது கேப்டன் இருக்கை காலி, துணை விமானி சாய்ந்து கிடந்தார். கடைசியில் விமானப் பணியாளர் ஒருவர் காக்பிட்டுக்குள் வந்தார், அதற்குள் எரிபொருள் தீர்ந்து இன்ஜின் நிற்கத் தொடங்கிவிட்டது. அந்த விபத்துக்குப் பிறகு 737-களில் இரண்டு எச்சரிக்கைக்கும் தனித்தனி விளக்கு வைக்க வைத்தார்கள், அது முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

செல்வம்:
முகில், அம்மாவிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவையுங்கள். மாஸ்க் விழுந்தால் யாரையும் கேட்காமல் இழுத்து மூக்கையும் வாயையும் மூடிப் போட்டுக்கொள்ள வேண்டும், பை ஊதவில்லை என்றாலும் ஆக்ஸிஜன் வரும், பயப்பட வேண்டாம். நீங்கள் முதலில் உங்களுடையதைப் போட்டுவிட்டு அவருக்கு உதவுங்கள். அந்த ஆக்ஸிஜன் சுமார் 12 நிமிடம் வரும், விமானத்தை 10,000 அடிக்கு இறக்க அது போதும். இறங்கும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள். சளி பிடித்திருந்தால் மட்டும் கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.