நைட்ரேட் சென்சார் கிணற்று நீரில் மட்டும் ஏன் கூடுதலாகக் காட்டுகிறது?

கேள்வி: குடிநீரில் நைட்ரேட் அளக்க, அயனித்தேர்வு மின்முனை (குறிப்பிட்ட ஓர் அயனியை உணரும் சவ்வு கொண்ட மின்முனை) வைத்து ஒரு கையடக்கக் கருவி செய்துகொண்டிருக்கிறேன். தயாரித்த கரைசலில் சரியாகக் காட்டுகிறது, ஆனால் ஆய்வகச் சோதனையில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் வந்த கிணற்று நீரில் 30 என்கிறது. சர்க்யூட்டில் தவறா?

பதில்: சர்க்யூட்டை விடுங்கள், முதலில் குளோரைடு எவ்வளவு என்று பாருங்கள். அந்தச் சவ்வு குளோரைடையும் கொஞ்சம் நைட்ரேட்டாகவே எண்ணிக்கொள்ளும். வெள்ளி சல்பேட் சேர்த்து, குளோரைடு வீழ்படிவான பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.

பதில்: அப்புறம் அளவுத்திருத்தம், அதாவது செறிவு தெரிந்த கரைசல்களில் கருவியைச் சரிபார்ப்பது. 25 டிகிரி செல்சியஸில் செறிவு 10 மடங்கு மாறினால் மின்முனையின் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாற வேண்டும், ரொம்பக் குறைந்தால் சவ்வை மாற்றிவிடுங்கள். உலக சுகாதார அமைப்பின் வரம்பே 50 மில்லிகிராம்தான், கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் தண்ணீர் என்றால் 10 மில்லிகிராம் பிழை சின்ன விஷயமே இல்லை.

கேட்டவர்: குளோரைடு 600 இருக்கிறது! சரி, வெள்ளி சல்பேட்டோடு நாளை அளக்கிறேன்.