ஆச்சி வீட்டுக் குழு: மட்டாரிக்கி விடியல்

வெள்ளி, 20 ஜூன் 2025

கயல் (ஆக்லாந்து, நியூசிலாந்து): அம்மா, எழுந்தாச்சா? இங்கே பகல் பன்னிரண்டு. இன்றைக்கு லீவு. காலை நாலரைக்கே கிளம்பிக் குன்றுக்குப் போய்விட்டு வந்து இப்போதுதான் தூங்கி எழுந்தோம்.

அம்மா: நாலரைக்கா? அந்தக் குளிரிலா? பிள்ளைக்குக் குல்லா போட்டாயா?

கயல்: போட்டேன் போட்டேன். பக்கத்து வீட்டு மாவோரி அம்மா (மாவோரி என்றால் இந்த ஊர்ப் பூர்வகுடிகள்) கூப்பிட்டார், அவர் காரிலேயே போனோம். மட்டாரிக்கி, அவர்களுடைய புது வருடம். ஒரு மாதம் போல் கண்ணில் படாமல் இருந்த விண்மீன் கூட்டம் மறுபடி விடியலில் தெரியும், அதுதான் கணக்கு.

பெரியப்பா: எந்தக் கூட்டம் அம்மா? வடகிழக்கா?

கயல்: ஆமாம் பெரியப்பா. நம் கார்த்திகையேதான். மூன்று மீன் வரிசையாக நிற்குமே, அதிலிருந்து இடப்பக்கம் போனால் ஒரு சிவப்பு மீன், இன்னும் இடப்பக்கம் போனால் சின்னக் கொத்து. தொடுவானத்துக்குக் கொஞ்சம் மேலேதான். நான் முதலில் பெரிதாக ஜொலித்ததைக் காட்டி “அதோ” என்று கத்திவிட்டேன்.

முத்து (நியூ பிளிமத்): அது விடிவெள்ளி 😂

கயல்: தெரியும்டா அண்ணா, அந்த அம்மாவும் சிரித்தார்.

பெரியப்பா: சிவப்பு மீன் ரோகிணி. நாம் கார்த்திகையை ஆறு என்போம், அவர்கள்?

கயல்: இப்போது பொதுவாக ஒன்பது சொல்கிறார்கள். எனக்கு ஆறுதான் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பு. மண்ணுக்குள் விளைவதற்கு ஒன்று, மரத்தில் கிடைக்கிற பழம், பறவைக்கு ஒன்று, நல்ல தண்ணீருக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று. மழை, காற்று தனித்தனி. எது பளிச்சென்று தெரிகிறதோ அந்த வருடம் அது நன்றாக இருக்கும் என்று பார்ப்பார்களாம்.

முத்து: காற்றுச் சாமிக் கதை சொன்னார்களா? டாஃபிரிமாட்டேயா. வானம் அப்பா, பூமி அம்மா. இரண்டு பேரையும் பிள்ளைகள் பிரித்துவிட்ட கோபத்தில் தன் கண்ணையே பிடுங்கி, நசுக்கி, மேலே எறிந்துவிட்டார். அந்தக் கண்தான் இந்த மீன்களாம்.

அம்மா: ஐயோ. வெள்ளிக்கிழமை காலையில் இதையா சொல்வது?

முத்து: எங்கள் டாரனாக்கிப் பக்கம் மட்டாரிக்கியை விடப் புவாங்காவைத்தான் பெரிதாகப் பார்ப்பார்கள். மேற்குக் கரையில் மட்டாரிக்கி சரியாகத் தெரியாது, புவாங்கா அதற்கு முன்னாலேயே எழுந்துவிடும். பெரியப்பா, திருவாதிரைக்கு எதிர்க்கோடியில் நீலமாக மின்னுமே, அது.

பெரியப்பா: ஓ, ரைஜல். சரி, லீவு எந்தத் தேதியில் விடுகிறார்கள்? வருடா வருடம் மாறுமே?

கயல்: மாறும். 2022 ஜூன் 24இல்தான் முதல் முறையாக அரசு விடுமுறை விட்டார்கள். 2023இல் ஜூலை 14, அடுத்த வருடம் ஜூலை 10. தேய்பிறை பாதி நிலாவை ஒட்டிய நாள்களைப் பார்த்து 2052 வரை சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

பெரியப்பா: முப்பது வருடப் பஞ்சாங்கம்! யார் கணித்தது?

கயல்: ராங்கி மாட்டாமுவா என்ற பேராசிரியர் தலைமையில் ஒரு குழு. அவர் தாத்தா, வீட்டில் வைத்திருந்த 400 பக்கக் கையெழுத்துப் பிரதியை அவரிடம் கொடுத்தாராம். முழுக்க நட்சத்திரம்.

அம்மா: படையல் உண்டா?

கயல்: உண்டு அம்மா, அதுதான் அழகு. சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கோழி, விலாங்கு, கடல்மீன், நாலு விண்மீனுக்கு நாலு. மண்ணடுப்பில் வேகவைத்து இருட்டிலேயே திறந்தார்கள். குபுகுபுவென்று ஆவி மேலே போயிற்று. அந்த ஆவிதான் மீன்களுக்குச் சாப்பாடு. கிழங்கு வாசத்தில் பையன் பசி பசி என்று என் கையைப் பிய்த்துவிட்டான்.

பெரியப்பா: நாம் அவி கொடுக்கிறோம், அவர்கள் ஆவி கொடுக்கிறார்கள்.

முத்து: பெரியப்பா ஆரம்பித்துவிட்டார் 🙏

கயல்: அதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. போஹுட்டுக்காவா என்று ஒரு மீன், அந்த வருடம் இறந்தவர்களுக்கு உரியது. அதைப் பார்த்து அவரவர் வீட்டுப் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு கிழவர் ஏழெட்டுப் பெயர் சொன்னார், குரல் உடைந்துவிட்டது. அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “உங்கள் வீட்டில்?” என்று கேட்டார்.

கயல்: ஆச்சி பெயரைச் சொன்னேன்.

அம்மா: சிவகாமி என்றா?

கயல்: சிவகாமியம்மாள் என்று முழுசாக.

அம்மா: 🙏🙏

முத்து: மாசியில் நான் வர முடியாமல் போயிற்று. நாளைக்கு இங்கே புவாங்கா பார்க்கப் போகிறேன். நானும் சொல்கிறேன்.

பெரியப்பா: உங்கள் ஆச்சிக்குக் கார்த்திகை என்றால் உயிர். விளக்கு எண்ணெய்க்கு ஐப்பசியிலேயே காசு எடுத்து வைத்துவிடுவாள்.

அம்மா: பிள்ளை என்ன வேண்டிக்கொண்டான்?

கயல்: வேண்டுதலுக்கு என்றே ஒரு மீன் உண்டு, ஹிவா. அடுத்த வருடம் நாலரைக்கு எழுப்பக்கூடாது என்று கேட்டானாம்.

அம்மா: பெரியவரே, அந்தக் கூட்டம் இங்கே தெரியுமா?

பெரியப்பா: ஆனி மாதம் விடிவதற்கு முன்னால் கிழக்கே தெரியும். நாலரை மணிக்கு மாடிக்குப் போ. டார்ச் எடுத்துக்கொள், மூன்றாவது படி உடைந்திருக்கிறது.

சனி, 21 ஜூன் 2025

அம்மா: போனேன். ஒரே மேகம். வெள்ளி மட்டும் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தது. பெயரை அந்தப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கொசு பிடுங்கிவிட்டது.