வயதானவர்களின் கண்ணசைவுப் பரிசோதனை: போய் வந்தவர்கள் எழுதியவை

கனடா, ஸ்காபரோவிலிருந்து:

கண்ணசைவை வைத்து நினைவாற்றலை ஆராயும் ஓர் ஆய்வுகூடத்துக்கு அப்பாவை இங்கே கூட்டிப் போனேன். எழுபதைத் தாண்டியவர், ஊரில் கணக்கு வாத்தியார். மறதி என்று யாரும் அனுப்பவில்லை. ஆரோக்கியமான முதியவர்கள் தேவை என்ற அறிவித்தலைப் பார்த்துவிட்டு அவரே விரும்பிப் போனார்.

நாடியை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டியில் சாய்த்துக்கொண்டு திரையைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் கமரா கண்மணியைப் படம் பிடித்துக்கொண்டே இருக்கிறது. விநாடிக்கு 1000 தடவை பதியும் கருவிகளும் உண்டு என்றார்கள். வலப்பக்கம் ஒளிப்பொட்டு வந்தால் இடப்பக்கம் பார்க்க வேண்டும், இடப்பக்கம் வந்தால் வலப்பக்கம். கேட்கச் சுலபம். ஆனால் பொட்டு வந்ததும் கண் தானாக அதன் பக்கம் ஓடிவிடுகிறது. அப்பாவின் கண்ணும் ஓடியது. “அட, மாறிப் போச்சு” என்று வாய்க்குள் சொன்னபடி உடனே மறுபக்கம் திரும்பினார். யாரும் அவருக்குச் சுட்டிக்காட்டவில்லை.

பிறகு விளங்கப்படுத்தினார்கள். 1978-இல் ரொறன்ரோவில் பீட்டர் ஹாலட் கொண்டுவந்த முறையாம் இது. ‘எதிர்ப்பக்கம் பார்’ என்ற கட்டளையை மனத்தில் விடாமல் பிடித்திருந்தால்தான் கண்ணைத் தடுக்க முடியும். அப்படி அந்தந்த நேரத்துக்குப் பிடித்துவைப்பதைத்தான் செயல்நினைவு என்கிறார்கள். வயது ஏற ஏற அந்தப் பிடி தளர்கிறது. பிழைகள் கூடுகின்றன, சரியாகப் பார்க்கும்போதும் கண் தாமதமாகவே கிளம்புகிறது. இளையவர்களும் பிழை விடுகிறார்கள் என்று கேட்டதும் அப்பாவுக்குப் பெரிய ஆறுதல்.

மார்க்கம் நகரிலிருந்து:

என்னுடைய மாமியும் இப்படி ஒன்றுக்குப் போனார். அவருக்குத் தந்தது வேறு. திரையில் சில பொருள்களைக் காட்டி மறைத்துவிட்டு, சில விநாடிகள் கழித்து ‘இருந்த இடத்திலேயே இருக்கிறதா, ஏதாவது நகர்ந்திருக்கிறதா’ என்று கேட்டார்கள். இடையில் திரை வெறுமை. அந்த வெறுந்திரையில் மாமியின் கண் பொருள்கள் இருந்த இடங்களுக்கே ஒவ்வொன்றாகத் திரும்பிப் போனதை அப்புறம் படமாகக் காட்டினார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது. அங்கே ஒன்றுமே இல்லை, ஆனாலும் கண் போகிறது!

வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். ரொறன்ரோவில் பேக்ரெஸ்ட் என்ற முதியோர் மருத்துவ நிலையத்தில் இருக்கும் ரொட்மன் ஆய்வு நிலையத்தில் ஜோர்டானா வின், ஜெனிபர் ரையன் முதலானவர்கள் இதை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டிருக்கிறார்கள். வெறுந்திரையில் கண்ணைப் பழைய இடங்களுக்கே கொண்டுபோன முதியவர்களுக்கு ஞாபகம் நன்றாக நின்றிருக்கிறது. மனத்துக்குள் இருக்கும் பிடி தளரும்போது கண் ஒரு கை கொடுக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ‘வயசு போனால் எல்லாம் போச்சு’ என்று பேசுகிறவர்கள் இதை அறிய வேண்டும். உடம்பு எவ்வளவு பாடுபட்டு வேறு வழி தேடுகிறது!

ஒட்டாவாவிலிருந்து:

இப்படியான ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராக வேலை செய்திருக்கிறேன். ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கண் பக்கம் மாறி ஓடியது என்பதற்காக அப்பாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோய் என்று யாரும் பயந்துவிட வேண்டாம். ஓடிய கண்ணைத் தானே திருத்திக்கொள்வது முக்கியமான விஷயம். அல்சைமர் உள்ளவர்களிடம் பிழை கூடுவதோடு, அது திருத்தப்படாமல் போவதும் கூடுதல். அப்படியிருந்தும் இந்தப் பரிசோதனையை மட்டும் வைத்து நோயைச் சொல்லிவிட முடியாது.

கூட்டிப் போகிறவர்களுக்கு: தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துச் செய்த கண்ணாடி கமராவைக் குழப்பும், தனிப்பார்வைக் கண்ணாடி இருந்தால் கையோடு கொண்டு போங்கள். இமை தொங்கினாலும் கண்மணி மறைந்து பதிவு விட்டுவிட்டு வரும். கண்புரை அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கண்ணுக்குள் வைத்த செயற்கை வில்லையில் ஒளி பட்டுத் தெறிக்கும். அம்மாமாரை அன்றைக்குக் கண்ணுக்கு மை பூச விடாதீர்கள். கருமையைக் கண்மணி என்று கருவி எடுத்துக்கொள்ளும். களைப்பாக இருந்தால் இடைவேளை கேட்கலாம், தருவார்கள்.