மெத்தனால் வரவேண்டிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு வருகிறது: எங்கே தொடங்குவது?

கேள்வி: வணக்கம். மெத்தனால் தயாரிக்க, கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் 1:3 விகிதத்தில் காப்பர்–துத்தநாக ஆக்சைடு–அலுமினா வினையூக்கி மேல் செலுத்துகிறேன். 280 டிகிரி செல்சியஸ், 20 பார் அழுத்தம். வினையூக்கி நானே சோடியம் கார்பனேட் ஊற்றி வீழ்படிவாக்கியது. கார்பன் டை ஆக்சைடில் சுமார் 18% மாறுகிறது, ஆனால் அதில் மெத்தனால் 8 சதவீதம்கூட இல்லை, மீதியெல்லாம் கார்பன் மோனாக்சைடு. உள்ளே போகும் கார்பனைவிட வெளியே வருவது எப்போதும் 2, 3 சதவீதம் குறைகிறது. போகப் போக மாற்றமும் இறங்குகிறது. வினையூக்கியை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் அந்தக் காணாமல் போன கார்பனைத் தேடுங்கள். உலையிலிருந்து கேஸ் குரோமடோகிராஃப் (வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) வரை போகும் குழாயில் எங்காவது சூடு குறைந்தால் மெத்தனாலும் நீரும் அங்கேயே குளிர்ந்து தங்கிவிடும், கார்பன் மோனாக்சைடு மட்டும் தப்பாமல் போய்ச் சேரும். வால்வு, இணைப்பு உட்பட முழுப் பாதையையும் 150 டிகிரியில் வையுங்கள்.

அப்புறம் வெப்பநிலை. மெத்தனால் உருவாவது வெப்பம் உமிழும் வினை, மோலுக்குச் சுமார் 49 கிலோஜூல். கார்பன் மோனாக்சைடு உருவாவதோ 41 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும் வினை. சூடு ஏற ஏற இரண்டாவதன் கைதான் ஓங்கும். 280 டிகிரி, 20 பாரில் சமநிலையே மெத்தனாலுக்குக் கொஞ்சம்தான் இடம் தருகிறது, எந்த வினையூக்கியும் அதைத் தாண்டாது. 220–240 டிகிரிக்கு இறங்குங்கள். நாலு மூலக்கூறு இரண்டாகச் சுருங்கும் வினை என்பதால், உங்கள் அமைப்பு தாங்குமென்றால் அழுத்தத்தையும் 40, 50 பாருக்கு ஏற்றுங்கள்.

இன்னொரு பதில்: இண்டியம் ஆக்சைடு–சிர்கோனியா 300 டிகிரியிலும் மெத்தனாலையே அதிகம் தரும் என்று 2016-லேயே காட்டியிருக்கிறார்கள். அதையும் பாருங்கள்.

பதில்: நல்ல வினையூக்கிதான், ஆனால் குழாய் குளிர்ந்திருந்தால் அதிலும் இதே கதைதான். முதலில் இதைச் சரிசெய்யட்டும். மாற்றம் இறங்குவதற்கு நீரைச் சந்தேகப்படுகிறேன். இரண்டு வினையிலும் நீர் உண்டாகிறது. சூட்டில் அது காப்பர் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாக்கிவிடும், வினை நடக்கும் பரப்பு குறையும். தொடங்கும் முன் வினையூக்கியை ஹைட்ரஜனால் ஒடுக்கும்போதும் (காப்பர் ஆக்சைடைக் காப்பராக மாற்றும்போதும்) இதே ஆபத்து: நைட்ரஜனில் 5% ஹைட்ரஜன், நிமிடத்துக்கு 1 டிகிரி, அதற்கு மேல் வேகம் வேண்டாம். வீழ்படிவில் ஒட்டியிருக்கும் சோடியத்தை நன்றாகக் கழுவினீர்களா? வீழ்படிவை ஊறவைத்தபோது நீலம் பச்சையாக மாறியதா?

கேட்டவர்: நிறம் மாறியது, கழுவிய நீரின் மின்கடத்துதிறன் நிலைத்து நிற்கும்வரை கழுவினேன். பாதை முழுவதும் சூடாக்கியதும் கார்பன் கணக்கு நேரானது, மெத்தனாலும் கூடியது. இப்போது 230 டிகிரி, 40 பார்: மாற்றம் 11 சதவீதம்தான், ஆனால் அதில் பாதிக்கு மேல் மெத்தனால்! மிக்க நன்றி. மாற்றத்தையும் கூட்ட வழி உண்டா?

பதில்: வாயு ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ஆனால் வாயு உலையை ஒருமுறை கடப்பதிலேயே நிறைய எதிர்பார்க்காதீர்கள். தொழிற்சாலைகளிலும் மெத்தனாலையும் நீரையும் குளிரவைத்துப் பிரித்துவிட்டு, மாறாத வாயுவைத் திரும்ப உலைக்கே அனுப்புகிறார்கள். கார்பன் மோனாக்சைடு கண்டறியும் கருவியை உலைக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.