அப்பாவுக்கு அடுத்த வண்டி: ‘போடி வீடு’ குழுவில் பேசியது

ஞாயிறு

சித்தப்பா: அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார் மதினி? மழையில் தோட்டத்துப் பாதை உட்கார்ந்து அவர் கார் சரிந்ததைப் பற்றி, நேற்று ஏலக்காய் ஏலத்துக்குப் போன இடத்தில் ஆளாளுக்கு விசாரித்தார்கள்.

அம்மா: ராத்திரி வலியில்லாமல் தூங்கினார். காறை எலும்பு கூடும் வரைக்கும் இடது கையைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இட்லி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

நான்: இன்சூரன்ஸ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சர்வேயர் அறிக்கை வந்துவிட்டது. ரிப்பேர் செலவு ஐ.டி.வி. தொகையில், அதாவது பாலிசியில் போட்ட வண்டி மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், வண்டி முழுதும் போனது என்று எடுத்துக்கொள்வார்கள். கூரையும் முன் தூணும் மடங்கிவிட்டதால் நம் வண்டிக்கு அந்தக் கணக்குத்தான். ஆர்.சி.யை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். கட்டாயக் கழிவு போக மீதிப் பணம் வரும்.

அக்கா: க்ளெய்ம் கேட்காமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் 50 சதவீதம் நோ க்ளெய்ம் போனஸ் தள்ளுபடி இருந்ததே தம்பி?

நான்: இந்த க்ளெய்மோடு அது போய்விடும் அக்கா. புது வண்டிக்கு முதலிலிருந்துதான் சேர்க்க வேண்டும்.

அம்மா: பணம் கிடக்கட்டும். ஆள் கிடைத்ததே போதும். இனி அந்தப் பாதையில் இவர் வண்டி ஓட்ட வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்.

அப்பா: காய் எடுக்கும் நேரத்தில் தோட்டத்துக்குப் போகாமல் வீட்டில் உட்கார முடியாது.

தம்பி: காலையில் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஓடை வளைவில் பாதையைத் தாங்குகிற கல்கட்டு இரண்டு ஆள் நீளத்துக்குப் பெயர்ந்து கிடக்கிறது. மீதி இருக்கும் பாதை மேலே பார்த்தால் நன்றாகத்தான் தெரிகிறது. கீழே இறங்கி நின்று பார்த்தால் உள்ளே மண்ணே இல்லை. தண்ணீர் அரித்துக் குடைந்துவிட்டது, கையை விட்டால் முழங்கை வரை போகிறது. அந்தப் பக்கம் பாறை, ஒதுங்கவும் இடமில்லை. டயர் ஏறினதும் ஓரம் உட்கார்ந்திருக்கிறது. அப்பா மேல் ஒரு தப்பும் இல்லை. சீட் பெல்ட் போட்டிருந்தார், வண்டி பலா மரத்தில் தட்டி நின்றது. இந்த இரண்டும்தான் நம்மைக் காப்பாற்றியது.

அம்மா: 🙏🙏

சித்தப்பா: அப்படியானால் வண்டி வாங்குவதற்கு முன்னால் கல்கட்டைக் கட்டுங்கள். வெறும் கல் அடுக்கினால் அடுத்த மழைக்கே போய்விடும். மலை ரோட்டில் செய்கிற மாதிரி கம்பி வலைக்குள் கல்லை அடுக்கி, தண்ணீர் வெளியேறக் குழாயும் வைக்கச் சொல். தண்ணீருக்கு வழி விடாத சுவர் நிற்காது.

தம்பி: கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன் சித்தப்பா. மழை விட்டதும் ஆரம்பிக்கிறார்.

மச்சான்: கட்டு ஒரு பக்கம் நடக்கட்டும். மாமா, இந்தத் தடவை நாலு சக்கரமும் இழுக்கிற சரியான ஃபோர் வீல் வண்டியாக வாங்கிவிடுவோம். முன்சக்கரம் மட்டும் இழுக்கிற ஃப்ரன்ட் வீல் டிரைவை வைத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் இத்தனை வருஷம் ஓட்டினதே பெரிய விஷயம். என்னைக் கேட்டால் மஹிந்திராவின் ஐந்து கதவுத் தார் ராக்ஸ், டீசல் ஃபோர் பை ஃபோர். மறுபேச்சே வேண்டாம்.

சித்தப்பா: ராக்ஸ் எதற்கு மாப்பிள்ளை? சாதாரண மூன்று கதவுத் தார், ஜி.எஸ்.டி. குறைத்ததும் 10 லட்சத்துக்குள்ளேயே வந்துவிட்டது என்கிறார்களே?

நான்: அதில் ஒரு விஷயம் இருக்கிறது சித்தப்பா. 2025 செப்டம்பரில் 18 சதவீதத்துக்கு இறங்கிய தார், 1.5 லிட்டர் டீசல். அதில் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். பார்க்க அச்சு அசலாக ஃபோர் வீல் தார் மாதிரியே இருக்கும். நமக்கு வேண்டிய ஃபோர் வீல் 2.2 டீசலிலும் 2.0 பெட்ரோலிலும்தான். அதற்கு 40 சதவீதம். விளம்பரத்தில் போடுகிற ஆரம்ப விலையைப் பார்த்து ஷோரூமுக்குப் போகக் கூடாது.

சித்தப்பா: அப்படியா? என் சம்பந்தி அதைத்தான் புக் பண்ணப் போகிறார். இன்றைக்கே போன் போடுகிறேன்.

தம்பி: நான் ஒன்று சொல்லட்டுமா? தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு தினமும் போடிமெட்டு மலை ரோடு ஏறுகிற அண்ணன் ஒருவர் தன் பழைய ஜீப்பைக் கொடுக்கிறேன் என்கிறார். ஃபோர் வீல், மெதுவாக ஆனால் பலமாக இழுக்கிற லோ கியர் எல்லாம் நன்றாக வேலை செய்கிறது. இந்த மலையை அறிந்த வண்டி. பாதி விலையில் முடியும்.

அப்பா: நல்ல யோசனை. எனக்கு ஜீப் ஓட்டிப் பழக்கம்.

அம்மா: ஏர்பேக் இல்லாத வண்டி இந்த வீட்டு வாசலுக்கு வரக் கூடாது. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அப்பா: சரி.

சித்தப்பா: பொலிரோ? எந்தப் பட்டிக்காட்டிலும் மெக்கானிக் இருப்பான், ஸ்பேர் கிடைக்கும், ஏழு பேர் உட்காரலாம்.

நான்: உழைப்புக்கு அதை மிஞ்ச முடியாதுதான். ஆனால் அதுவும் பின்சக்கர வண்டி. கேம்பர், பிக்கப் மாடலில் ஃபோர் வீல் உண்டு, அது சரக்கு ஏற்றத்தான் சரி. ஃபோர்ஸ் கூர்காவையும் யோசித்தேன். முன்னாலும் பின்னாலும் டிஃப் லாக், அதாவது இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைக்கிற பூட்டு, தரையிலிருந்து 233 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ். எந்தச் சேற்றிலும் விட்டு எடுக்கலாம். ஆனால் அகலத்திலும் எடையிலும் அது ராக்ஸுக்கு இளைத்ததல்ல. அம்மா ஏறுவதற்கும் உயரம் அதிகம்.

எனக்கு மாருதி ஜிம்னிதான் மனதில் நிற்கிறது. காரணத்தை விவரமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்பக்கம் சாய்ந்துவிடும். முன்சக்கரத்தில் பிடிப்புக் குறைந்து சேற்றில் சும்மா சுற்றும். பழைய வண்டி அந்த வளைவுக்கு முன்னால் எப்போதும் திணறியது இதனால்தான். அதனால் அப்பா ஒவ்வொரு தடவையும் வேகமாக வந்து ஏற்ற வேண்டியிருந்தது. மோசமான பாதையில் வேகம்தான் ஆபத்து. லோ கியர் உள்ள ஃபோர் வீல் இருந்தால் நடக்கிற வேகத்தில், ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டபடியே ஏறலாம். இறங்கும்போது முதல் கியரில் விட்டால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும், பிரேக்கை அழுத்தி டயர் வழுக்குகிற வேலையே இருக்காது. இது தார், ஜிம்னி, கூர்கா மூன்றுக்கும் பொது.

அடுத்து எடை. ஜிம்னி 1200 கிலோ சுற்றித்தான். தார் அதைவிடப் பல நூறு கிலோ கூடுதல். நம் பாதையின் ஓரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று இப்போதுதான் பார்த்தோம்.

மச்சான்: மாப்பிள்ளை, ஜிம்னியின் இன்ஜின் 105 குதிரைத்திறன், இழுவிசை, அதாவது டார்க், 134 என்.எம். போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவை நாலு பேரோடு ஏற வேண்டும். ராக்ஸ் டீசல் இதில் இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கும்.

நான்: உண்மைதான் மச்சான். மெட்டு ரோட்டில் ஜிம்னியை இரண்டாவது கியரிலேயே வைத்து ஓட்ட வேண்டியிருக்கும், இன்ஜின் சத்தம் போடும். வாங்கினால் இதை ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

அக்கா: நான் கேட்பது ஒன்றே ஒன்று. மறுபடியும் இப்படி ஒன்று நடந்தால் எந்த வண்டி அப்பாவைக் காப்பாற்றும்? ராக்ஸ் பாரத் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது. ஜிம்னி?

நான்: ஐரோப்பாவில் 2018-ல் மூன்று கதவு ஜிம்னி 3 நட்சத்திரம் வாங்கியது. இங்கே வருவது ஐந்து கதவு, அதில் எல்லா மாடலிலும் 6 ஏர்பேக், வண்டி வழுக்காமல் பிடிக்கும் ஈ.எஸ்.பி. கொடுக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் ராக்ஸ்தான் மேல், அதை நான் மறைக்கவில்லை அக்கா.

அக்கா: அப்படியென்றால் என் ஓட்டு ராக்ஸுக்கு.

மச்சான்: 👍

அப்பா: பாலத்தை யாரும் யோசிக்கவில்லையே. தார் ரோட்டிலிருந்து இறங்கினதும் ஓடைப் பாலம். சின்னவனே, டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்து போடு. இரண்டு பக்கமும் சுவரின் உட்புறம் பார்த்து அளக்க வேண்டும்.

திங்கள்

தம்பி: [படம்] அளந்துவிட்டேன். நடுவில் 7 அடி இருக்கிறது. ஆனால் தோட்டத்துப் பக்கம் சுவர் உள்ளே சாய்ந்திருக்கிறது, அங்கே 6 அடி 11 அங்குலம். சென்டிமீட்டரில் 211. சுவர் முழங்கால் உயரம்தான், அதனால் பக்கக் கண்ணாடி இடிக்காது. சுவரின் மூலையில் ஜீப்காரர்கள் தேய்த்த பெயின்ட் பச்சை, வெள்ளை, நீலம் என்று அடுக்கடுக்காக ஒட்டியிருக்கிறது. பாலம் முடிந்த உடனே இடது திருப்பம், அதையும் படத்தில் பாருங்கள்.

நான்: ராக்ஸ் அகலம் 187 சென்டிமீட்டர். பக்கத்துக்கு 12 சென்டிமீட்டர் மிஞ்சும். ஜிம்னி 164.5. பக்கத்துக்கு 23 சென்டிமீட்டர்.

தம்பி: 12 சென்டிமீட்டர் என்றால் என் கையில் ஒரு சாண் கூட இல்லை. நேரே போய்விடலாம். திருப்பத்தில் பின்சக்கரம் உள்ளே வெட்டுமே, அப்போது சுவரில் உரசாமல் வராது. ராக்ஸின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம், 285 சென்டிமீட்டர், ஜிம்னி 259. நீளமான வண்டி இன்னும் உள்ளே வெட்டும்.

சித்தப்பா: ராத்திரி, மழை, மூடுபனி. அந்த நேரத்தில் அண்ணன் அதை 12 சென்டிமீட்டரில் எடுக்க வேண்டுமா?

மச்சான்: பாலத்தை அகலப்படுத்த முடியாதா?

தம்பி: நாலு தோட்டத்துக்கும் பொதுவான பாலம் மச்சான். எல்லோரும் சம்மதித்து, அனுமதி வாங்கி, கட்டி முடிக்க இரண்டு காய் எடுப்புப் போய்விடும்.

அக்கா: சரி, அது புரிகிறது. அந்தக் கல்கட்டு வளைவிலும் இதே கணக்குத்தானே? குறுகலான வண்டியாக இருந்தால் ஓரத்தை விட்டுத் தள்ளி வரலாம்.

நான்: அதைத்தான் சொல்கிறேன் அக்கா. பாறைப் பக்கம் ஒட்டி வந்தால் ஓரத்துக்கும் டயருக்கும் நடுவில் ராக்ஸைவிட முக்கால் அடி கூடுதலாகக் கிடைக்கும்.

அக்கா: அப்படியென்றால் மதுரை, சென்னை என்று நாலு வழிச் சாலையில் அந்த வண்டியில் வரக் கூடாது. அதற்குச் சம்மதித்தால் நானும் சம்மதிக்கிறேன்.

மச்சான்: மாமா, அத்தை இரண்டு பேருக்கும் எப்போது நெடுந்தூரம் போக வேண்டுமென்றாலும் ஒரு போன் போடுங்கள். என் வண்டியை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். இதை வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை.

அப்பா: ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை.

சித்தப்பா: மூட்டை ஏற்ற இடம் இருக்குமா? டிக்கி 208 லிட்டர் என்று போட்டிருக்கிறதே, ஒரு மூட்டை கூட நுழையாது.

தம்பி: பச்சைக்காய் எப்போதும் ஜீப்பில்தான் காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போகிறது சித்தப்பா. அப்பா வண்டியில் மருந்து டப்பா, சாப்பாட்டுத் தூக்கு, சம்பளப் பணம், அவ்வளவுதான்.

புதன்

அம்மா: ஷோரூமுக்குப் போய்விட்டு வந்தோம். மூன்று கதவுத் தாரில் பின்னால் ஏற வேண்டுமென்றால் முன் சீட்டை மடக்க வேண்டும் என்றார்கள். என் முழங்காலுக்கு அது நடக்காது. ஜிம்னியில் பின் கதவைத் திறந்து, மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்து, முதலில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு காலை உள்ளே எடுத்தேன். ஏறிவிட்டேன். கீழே ஒரு படி மாட்டினால் இன்னும் சுலபம்.

அப்பா: நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். முன் பானெட்டின் இரண்டு மூலையும் கண்ணுக்குத் தெரிகிறது. பாலத்தில் அது ரொம்ப முக்கியம். ஃபோர் வீல் போட நீளமான லிவர் வைத்திருக்கிறார்கள், பட்டன் இல்லை. பழைய ஜீப் மாதிரியே இருக்கிறது.

தம்பி: அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. மழை நாளுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் சிரித்தார்.

நான்: அப்பா, ஒரு விஷயம். தார் ரோடு காய்ந்திருக்கும்போது ஃபோர் வீலில் ஓட்டக் கூடாது. முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்வதால் திருப்பத்தில் கியர் எல்லாம் இறுக்கும். பாலத்துக்கு முன்னால் நிறுத்தி லோவில் போடுங்கள், திரும்பி வந்து தார் ரோடு ஏறினதும் எடுத்துவிடுங்கள்.

அப்பா: ஜீப்பிலும் அதே முறைதான். தெரியும்.

சித்தப்பா: டிஃப் லாக் இல்லையே இதில். ஒரு டயர் அந்தரத்தில் நின்றால்?

நான்: சும்மா சுற்றுகிற டயரை மட்டும் பிரேக் பிடித்து, மற்ற டயருக்கு இழுவையை அனுப்புகிற ஏற்பாடு இருக்கிறது. கூர்காவின் லாக் அளவுக்கு வராது, நம் பாதைக்குப் போதும். அதைவிட டயர்தான் முக்கியம். கம்பெனியில் போட்டு வருவது ரோட்டு டயர், சேற்றில் பல்லெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதே 195/80 ஆர் 15 அளவில், மண்ணுக்கும் ரோட்டுக்கும் பொதுவான ஏ.டி. டயர் நாலும் முதல் மாதமே மாற்றிவிடுவோம். பெரிய அளவு போடச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள், வேண்டாம்.

அக்கா: கணக்கு எவ்வளவு வருகிறது? சின்ன வண்டிக்கு ஜி.எஸ்.டி. 18 தானே?

நான்: பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள் இருக்க வேண்டும். இது 1462 சி.சி., அதனால் 40. ரோடு டாக்ஸ் 10 முதல் 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம், 20ஐத் தாண்டினால் 20 சதவீதம். 13 லட்சத்து வண்டிக்கே டாக்ஸ் 2 லட்சத்து 34 ஆயிரம். இன்சூரன்ஸில் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் கட்டாயம் சேர்க்கிறேன். டோட்டல் லாஸ் ஆனால் தேய்மானம் கழிக்காமல் பில் தொகை கிடைக்கும். இந்தத் தடவை அது இல்லாததால்தான் கை கடித்தது. ஓடை இருக்கிறது, அதனால் இன்ஜின் புரொடெக்‌ஷனும் வேண்டும். இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் சாதாரண பாலிசி கொடுக்காது.

அம்மா: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? தோள் வலியோடு கியர் போட முடியுமா?

அப்பா: கியர் போடுவது வலது... இல்லை, இடது கை. அடிபட்டதும் இடது பக்கம்தான்.

நான்: ஆட்டோமேட்டிக் எடுப்போம். நாலு கியர்தான், பழைய காலத்து ரகம், மைலேஜும் கொஞ்சம் குறையும். ஆனால் லோவில் போட்டால் ஏற்றத்தில் கிளட்சைத் தேய்க்கிற வேலையும் இல்லை, இடது கைக்கும் வேலை குறைவு. டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லும் வரைக்கும் சின்னவன் ஓட்டட்டும்.

தம்பி: நான் தயார். கல்கட்டு வேலை முடியும் வரைக்கும் பாலத்தோடு நிறுத்திவிட்டு நடந்தே போவோம்.

அம்மா: இதை எழுத்தில் கொடுத்திருக்கிறாய், ஞாபகம் இருக்கட்டும்.

சித்தப்பா: வெள்ளை எடுங்கள் அண்ணே. மூடுபனியில் தெரியாது என்றால் வேறு ஏதாவது.

அப்பா: பனியில் வெள்ளை சரிவராது. சிவப்பு இருந்தால் சிவப்பு.

நான்: சிவப்பு, ஆட்டோமேட்டிக். சனிக்கிழமை காலை வருகிறேன். அம்மா, அப்பாவின் ஆதார், பேன் கார்டு இரண்டையும் எடுத்து வையுங்கள். சின்னவனே, பழைய ஆர்.சி.யை ஒப்படைத்த ரசீது இருந்தால் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்பு, இன்சூரன்ஸ்காரர் கேட்கிறார்.